ஸ்டாடிக் ஐபிக்குப் பணம் கட்டும் முன்: வீட்டு ஃபைபர் இணைப்பில் உங்கள் முகவரி எந்த வகை?

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தாயிற்று. வேகம் குறையில்லை, படம் தடங்கலின்றி ஓடுகிறது. ஆனால் வீட்டு வாசல் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை, அல்லது அலுவலக சர்வர் வீட்டிலிருந்து உள்ளே விட மறுக்கிறது, அல்லது பிளேஸ்டேஷன் நண்பர்களோடு சேர விடவில்லை. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: “ஸ்டாடிக் ஐபி வாங்கிடுங்க.” இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி; அது மாறாமல் இருந்தால் ஸ்டாடிக். அதற்கு மாதா மாதம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை தனிக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பல வீடுகளில் இந்தச் செலவு தேவையே இல்லை. தேவைப்படும் சில வீடுகளிலோ, என்ன கேட்பது என்று தெரியாததால் வேறெதையோ வாங்கிவிடுகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். உங்கள் ஐபி முகவரி அடிக்கடி மாறுகிறதா என்பது ஒரு கேள்வி. அந்த முகவரி உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதா, இல்லை பல வீடுகளுக்குப் பொதுவா என்பது இன்னொன்று. மாறும் முகவரியைச் சமாளிக்க இலவச வழியே இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வர முடியாமல் தடுப்பது பெரும்பாலும் இரண்டாவது விஷயம், அதாவது பகிர்வு. இந்த இரண்டில் உங்களுக்கு எது பிரச்சினை என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

ஏன் பகிர்ந்து கொடுக்கிறார்கள்?

நாம் வழக்கமாகப் பார்க்கும், நான்கு எண்களைப் புள்ளி வைத்து எழுதும் முகவரி ஐபிவி4. 1981-இல் வகுக்கப்பட்டது. இதில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் இருக்க முடியும். உலக அளவில் இவற்றைப் பங்கிடும் ஐயானா அமைப்பு, தன் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குக் கொடுத்து முடித்தது. நம் ஆசிய-பசிபிக் வட்டாரத்தைக் கவனிக்கும் ஏப்நிக் அதே ஆண்டு ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அந்தத் தொகுதியிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்று வரம்பும் வைத்தது. அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்து ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஃபைபர் இழுத்த ஒரு நிறுவனம், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி கொடுக்க எங்கே போகும்?

அதனால் வந்த ஏற்பாடுதான் சிஜிநாட். நிறுவனத்தின் நடுவில் பெரிய கருவி ஒன்று இருக்கும். அது பல வீடுகளின் போக்குவரத்தை ஒரே பப்ளிக் ஐபி (இணையம் முழுவதற்கும் தெரியும் முகவரி) வழியாக வெளியே அனுப்பும். பழைய அலுவலகங்களின் தொலைபேசி மாதிரி: வெளியுலகுக்குத் தெரிவது ஒரே எண், உள்ளே மேசைக்கு மேசை எக்ஸ்டென்ஷன். உள்ளிருந்து யாரும் வெளியே பேசலாம். வெளியிலிருந்து வரும் அழைப்பை எந்த மேசைக்குக் கொடுப்பது என்று யாராவது சொல்லாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

எந்தப் பதில் எந்த வீட்டுக்கு என்று அந்தக் கருவி போர்ட் எண்ணை (ஒரே முகவரிக்குள் ஒவ்வொரு தொடர்பையும் பிரித்துக் காட்டும் எண்) வைத்துப் பிரிக்கிறது. ஒரு ஐபிக்கு 65,535 போர்ட்கள். முதல் ஆயிரத்துச் சொச்சத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு வீட்டுக்கு ஆயிரம் வீதம் கொடுத்தால் ஏறக்குறைய 64 வீடுகள் ஒரே முகவரியில் அடங்கும். யூடியூப், வீடியோ கால், யுபிஐ, ஆன்லைன் வகுப்பு எல்லாமே உள்ளிருந்து வெளியே போகும் வேலைகள் என்பதால் இதில் எதுவும் கெடாது. பெரும்பாலான குடும்பங்கள் பகிர்வு முகவரியில் இருக்கிறோம் என்று தெரியாமலே வருடக்கணக்கில் நிம்மதியாக இருக்கின்றன. நீங்களும் அப்படி என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், விட்டுவிடுங்கள்.

முதல் வேலை: ரவுட்டரில் என்ன ஐபி இருக்கிறது என்று பாருங்கள்

வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் கணினியிலோ போனிலோ பிரவுசரைத் திறந்து ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ ஃபைபர் பெட்டி என்றால் 192.168.29.1. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும், பல பெட்டிகளில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். இல்லையென்றால் இணைப்பு கொடுத்த கேபிள்காரரிடம் கேளுங்கள்.

உள்ளே போனதும் ‘ஸ்டேட்டஸ்’ அல்லது ‘இன்டர்நெட்’ பக்கத்தில் டபிள்யூ-ஏ-என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் உள்ள வரியைத் தேடுங்கள். வெளிப்பக்கம் உங்கள் ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரி அதுதான். இங்கே ஒரு கவனம் தேவை. ஃபைபர் பெட்டிகளில் பல சமயம் இப்படி இரண்டு மூன்று வரிகள் இருக்கும்: ஒன்று இணையத்துக்கு, ஒன்று லேண்ட்லைன் குரலுக்கு, ஒன்று நிறுவனம் தூரத்திலிருந்து பெட்டியைப் பராமரிக்க. ‘இன்டர்நெட்’ என்று பெயர் உள்ள வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் 10 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

அப்புறம், அதே வைஃபையில் இருந்தபடி கூகுளில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடுங்கள். போனில் பார்ப்பதாக இருந்தால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். விபிஎன் (போக்குவரத்தை மறையாக்கி வேறொரு இடம் வழியாக அனுப்பும் வசதி) ஏதாவது ஓடினால் அதையும் நிறுத்துங்கள். புள்ளிகளுக்குப் பதில் முக்காற்புள்ளிகளோடு நீளமான முகவரி வந்தால் அது ஐபிவி6. அதைத் தனியே குறித்துக்கொண்டு, ஐபிவி4 முகவரியையும் சேர்த்துக் காட்டும் வேறொரு சோதனைத் தளத்தில் பாருங்கள்.

இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றே என்றால் உங்களுக்குப் பப்ளிக் ஐபி ஏற்கெனவே இருக்கிறது. பகிர்வு இல்லை. அது மாறக்கூடியதாக இருக்கலாம், அவ்வளவுதான்.

ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், சிஜிநாட்தான். இந்த வரிசையை 2012 ஏப்ரலில் இந்த வேலைக்கென்றே ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்கினாலும், 172.16-இலிருந்து 172.31 வரை இருந்தாலும் பெரும்பாலும் அதே கதை. நிறுவனம் தன் வலைக்குள் பயன்படுத்தும் முகவரியைக் கொடுத்திருக்கிறது.

192.168 என்று தொடங்கினால் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் இது நிறுவனத்தின் வேலை இல்லை, உங்கள் வீட்டுக்குள்ளேயே நடப்பது. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியும் ரவுட்டராக ஓடுகிறது, அதன் பின்னால் நீங்கள் கடையில் வாங்கி மாட்டியதும் ரவுட்டராக ஓடுகிறது. நீங்கள் பார்ப்பது இரண்டாவது பெட்டியின் பக்கம். முதல் பெட்டிக்குள் போய் மறுபடி பாருங்கள். அங்கே பப்ளிக் ஐபி இருந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை: ஃபைபர் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் ‘பிரிட்ஜ் மோட்’டுக்கு மாற்றச் சொன்னால் போதும், அல்லது உங்கள் ரவுட்டரை வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்டாக மாற்றிவிடலாம்.

இரண்டாவது வேலை: மாறுகிறதா என்று பாருங்கள்

பப்ளிக் ஐபி இருப்பவர்களுக்கு மட்டும் இது. இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு, பெட்டியைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பயனர் பெயர், பாஸ்வேர்ட் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகை இணைப்புகளில் பெரும்பாலும் புது எண் வந்திருக்கும். சில நிறுவனங்களில் மாதக்கணக்கில் ஒரே எண் நிற்கும். அதைப் பார்த்து ஸ்டாடிக் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் மாறிவிடலாம், மாற்ற மாட்டோம் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை.

இன்னொரு தெளிவும் இங்கேயே வேண்டும். ரவுட்டருக்குள் டிவிஆருக்கோ (கேமராக் காட்சிகளைப் பதியும் பெட்டி) பிரிண்டருக்கோ 192.168.1.50 என்று ஒரு எண்ணை நிரந்தரமாகக் கட்டிவைப்பதையும் ‘ஸ்டாடிக் ஐபி’ என்றே சொல்வார்கள். அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும், இலவசம், நீங்களே செய்துகொள்ளலாம். கேமரா பொருத்துபவர் “ஸ்டாடிக் போட்டுட்டேன்” என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்குவது வேறு.

மூன்றாவது வேலை: உங்கள் தேவை எது?

கேமராவிலிருந்து தொடங்குவோம், அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். இப்போது வரும் ஹிக்விஷன், டாஹுவா, சிபி பிளஸ் போன்ற டிவிஆர்களில் பி2பி வசதி உண்டு. டிவிஆர் தானாகவே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும். நீங்கள் போன் செயலியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அந்த சர்வர் இரண்டையும் இணைத்துவிடும். உள்ளிருந்து வெளியே போகும் தொடர்பு என்பதால் சிஜிநாட்டில் தாராளமாக வேலை செய்யும். வீட்டுக் கேமராவுக்கு ஸ்டாடிக் ஐபி கேட்பவரிடம், “பி2பி-யில் போட்டுத் தாருங்கள்” என்று சொல்லுங்கள். காட்சி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு மட்டும் வேறு வழி வேண்டும், கீழே சொல்கிறேன்.

அலுவலக வேலை அடுத்தது. “உங்கள் வீட்டு ஐபியைக் கொடுங்கள், வைட்லிஸ்ட் செய்கிறோம்” (அந்த எண்ணிலிருந்து வந்தால் உள்ளே விடும் பட்டியலில் சேர்ப்பது) என்று ஐடி பிரிவு கேட்டால், ஸ்டாடிக் ஐபிக்கு நியாயமான தேவை இருக்கிறது. மாறும் எண்ணைக் கொடுத்தால் அடுத்த வாரமே கதவு அடைபடும். அதைவிடப் பெரிய ஆபத்து, பகிர்வு எண்ணைக் கொடுப்பது. கூகுளில் பார்த்த எண்ணை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள் பலர். அந்த எண்ணை அனுமதித்தால், அதே எண்ணில் வெளியே வரும் அத்தனை வீடுகளையும் அலுவலகம் அனுமதித்ததாக ஆகிறது. தயவுசெய்து முதல் வேலையில் சொன்ன சோதனையைச் செய்யாமல் எண்ணை அனுப்பாதீர்கள். அலுவலகமே விபிஎன் கணக்கு கொடுத்தால் இதெல்லாம் வேண்டாம், அதுதான் நல்ல ஏற்பாடும்கூட. செலவை அலுவலகம் ஏற்குமா என்றும் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

விளையாட்டுக்கு மாறாத எண் தேவையில்லை, பகிராத எண் போதும். பிளேஸ்டேஷனில் ‘நாட் டைப் 3’ என்றோ எக்ஸ்பாக்ஸில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்றோ காட்டினால் முதலில் இரட்டை ரவுட்டரைச் சரி செய்யுங்கள். அப்புறமும் அப்படியே இருந்தால் நிறுவனத்திடம் ‘டைனமிக் பப்ளிக் ஐபி’ கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் கேட்டாலே இலவசமாக மாற்றித் தருவதுண்டு.

சில தளங்கள் திரும்பத் திரும்பக் கேப்ட்சா கேட்பதும், விக்கிப்பீடியாவில் ‘இந்த முகவரி தடை செய்யப்பட்டுள்ளது’ என்று வருவதும் பகிர்வின் பக்கவிளைவுதான். அதே முகவரியில் யாரோ செய்த சேட்டைக்கு எல்லோரும் மாட்டுகிறோம். விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்து உள்நுழைந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்காக மட்டும் பணம் கட்ட வேண்டாம் என்பேன்.

வீட்டில் சொந்தமாகக் கோப்பு சர்வரோ, வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளோ ஓட்டுபவர்களுக்கும், கேமரா காட்சியை அடுத்தவர் சர்வருக்குக் கொடுக்க விரும்பாதவர்களுக்கும் நான் முதலில் சொல்வது டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள். வீட்டுக் கணினியிலும் உங்கள் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், இரண்டும் ஒரே வலையில் இருப்பது போல ஆகிவிடும். பின்னணியில் வயர்கார்டு என்ற விபிஎன் முறையில் மறையாக்கம் செய்கிறது. நேர் பாதை கிடைக்காவிட்டால் இடை சர்வர் வழியாகப் போகும், அப்போதும் மறையாக்கம் அப்படியே இருக்கும். தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது, சிஜிநாட் இதற்குத் தடையில்லை. கேமராவுக்கும் இதே வழிதான்: டிவிஆரில் நிறுவ முடியாவிட்டாலும், எப்போதும் ஓடும் ஒரு சிறு கணினியில் நிறுவி வீட்டு வலை முழுவதையும் அதன் வழியாகத் திறந்துகொள்ளலாம்.

பப்ளிக் ஐபி இருந்து, அது மாறுவது மட்டும்தான் தொல்லை என்றால் டைனமிக் டிஎன்எஸ் போதும். டக்டிஎன்எஸ் போன்ற இலவச சேவையில் ஒரு பெயர் வாங்கி ரவுட்டரில் பதிந்துவிட்டால், எண் மாறும்போதெல்லாம் பெயர் புது எண்ணைக் காட்டும். சிஜிநாட்டில் மட்டும் இது உதவாது. பெயர் சரியான எண்ணைத்தான் காட்டும், ஆனால் அந்த எண் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. இதைப் புரியாமல் டைனமிக் டிஎன்எஸ் அமைப்புகளோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

ஐபிவி6-ஐயும் மறக்க வேண்டாம். முகவரித் தட்டுப்பாட்டுக்கு உண்மையான தீர்வு அதுதான், அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைக்கும். 2016-இல் ஜியோ வந்ததிலிருந்து இந்தியாவில் அதன் பயன்பாடு வேகமாகப் பரவியது. உங்கள் சோதனையில் 2 என்று தொடங்கும் ஐபிவி6 முகவரி வந்திருந்தால், ரவுட்டரின் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல் அமைப்பு) குறிப்பிட்ட கருவிக்கு மட்டும் அனுமதி கொடுத்து நேரடியாக உள்ளே வரலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் போனுக்கும் அந்த நேரத்தில் ஐபிவி6 இருக்க வேண்டும். மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் இருக்கும், ஹோட்டல் வைஃபையில் இருக்கும் என்று நம்ப முடியாது.

சொந்த மெயில் சர்வர் வைக்கத்தான் ஸ்டாடிக் ஐபி என்றால், வேண்டாம். வீட்டு இணைப்புகளில் மெயில் சர்வர்கள் பயன்படுத்தும் 25-ஆம் போர்ட் பொதுவாக அடைக்கப்பட்டிருக்கும். திறந்து கொடுத்தாலும் வீட்டு முகவரியிலிருந்து வரும் மின்னஞ்சல் நேராக ஸ்பாமுக்குத்தான் போகும்.

நான்காவது வேலை: நிறுவனத்திடம் கேட்பது

தேவைதான் என்று முடிவானால், வார்த்தைகளில் கவனமாக இருங்கள். கஸ்டமர் கேரில் முதலில் எடுப்பவருக்கு சிஜிநாட் என்றால் தெரியாமல் இருக்கலாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “என் ரவுட்டர்ல வர்ற ஐபி 100-ல தொடங்குது, அது பிரைவேட் ஐபி. எனக்குப் பப்ளிக் ஐபி வேணும். டெக்னிகல் டீமுக்கு டிக்கெட் போட்டு நம்பர் குடுங்க.” உள்ளூர் கேபிள்காரர் மூலம் வந்த இணைப்பு என்றால் அவரிடமே பேசுவது சீக்கிரம் பலன் தரும்.

பணம் கட்டும் முன் சில பதில்களை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுத் திட்டத்திலேயே தருவார்களா, இல்லை பிசினஸ் திட்டத்துக்கு மாற வேண்டுமா? கட்டணம் மாதத்துக்கா வருடத்துக்கா, வரி சேர்ந்ததா? எந்தெந்தப் போர்ட்களை அடைத்து வைத்திருக்கிறார்கள்? குறிப்பாக இணையதளங்கள் பயன்படுத்தும் 80, 443. ஸ்டாடிக் போட்டால் இப்போது இருக்கும் ஐபிவி6 போய்விடுமா? ரீசார்ஜ் ஒரு நாள் தள்ளிப்போனால் அந்த எண் நம்மிடமே இருக்குமா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வைட்லிஸ்ட்டுக்காக வாங்குபவருக்கோ அதுதான் முக்கியம்.

ஐந்தாவது வேலை: பொருத்துவது

பிபிபிஓஇ இணைப்பில் நீங்கள் செய்ய ஒன்றும் இருக்காது. அவர்கள் பக்கம் பதிந்ததும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் புது எண் வந்துவிடும். மற்ற வகையில் நான்கு விவரங்கள் தருவார்கள்: ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ். அவற்றை ரவுட்டரில் ‘ஸ்டாடிக்’ வகையைத் தேர்ந்து அப்படியே நிரப்ப வேண்டும். மாற்றும் முன் பழைய அமைப்பைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் இணையம் வரவில்லை என்றால் திரும்பிப் போக வழி வேண்டும்.

பிறகு முதல் சோதனையை மறுபடி செய்யுங்கள். இரண்டு எண்களும், அவர்கள் எழுதிக் கொடுத்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். ரவுட்டரில் இன்னும் 100 அல்லது 10 என்று தொடங்கினால் வேலை முடியவில்லை என்று பொருள். சில இடங்களில் உள்ளே பிரைவேட் முகவரியே வைத்துக்கொண்டு, பப்ளிக் ஐபியை அதனோடு ஒன்றுக்கு ஒன்று கட்டித் தருவார்கள். அது வேலை செய்யும் என்றாலும் எல்லாப் போர்ட்களும் வந்து சேர்கின்றனவா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆறாவது வேலை: கதவுகளைச் சரிபாருங்கள்

இதைச் செய்யாமல் நிறுத்தாதீர்கள். சிஜிநாட் உங்களுக்குத் தெரியாமலே ஒரு காவல் வேலையும் செய்துகொண்டிருந்தது: வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே தட்ட முடியாது. பப்ளிக் ஐபி வந்ததும் அந்தக் காவல் போகிறது. இணையத்தில் எந்த முகவரியில் எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று ஓயாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும்தான் பிடித்தது. அப்படிச் சேர்த்த படையை வைத்து அக்டோபர் 21 அன்று இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின.

ஆகவே டிவிஆர், ரவுட்டர் இரண்டின் பாஸ்வேர்டையும் இன்றே மாற்றுங்கள். ரவுட்டரில் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ இருந்தால் அணையுங்கள். கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு வந்திருந்தால் போடுங்கள். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேராகத் திறந்துவிடாதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பல ரான்சம்வேர் தாக்குதல்கள் உள்ளே நுழைந்த வாசல் அது. ரவுட்டரின் ‘டிஎம்இசட்’ அமைப்பைத் தொடவே தொடாதீர்கள், அது எல்லாப் போர்ட்களையும் ஒரே கருவிக்குத் திறந்துவிடும். பப்ளிக் ஐபி வாங்கியவர்களுக்கும் என் பரிந்துரை, ரவுட்டரிலோ சிறு கணினியிலோ வயர்கார்டு விபிஎன் ஒன்றை நிறுவி, அதன் ஒரே போர்ட்டை மட்டும் திறப்பதுதான். வழக்கமாக அது 51820. கேமரா, கோப்பு எல்லாவற்றையும் அதற்குள் போய்ப் பாருங்கள்.

சோதனை செய்யும்போது வீட்டு வைஃபையிலிருந்து பப்ளிக் ஐபியை அடித்துப் பார்க்காதீர்கள். பல ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளியே போய் மீண்டும் உள்ளே வருவதை விடாது, எல்லாம் சரியாக இருந்தும் தோற்றது போலத் தெரியும். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

வீடு மாறும்போது ஸ்டாடிக் ஐபி கூடவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது நிறுவனத்துக்கு உரியது, பெரும்பாலும் அந்தப் பகுதியின் வலையோடு கட்டப்பட்டது. புது வீட்டில் இணைப்பு கேட்கும் அன்றே இதையும் கேட்டுவிடுங்கள். அலுவலகத்தில் பழைய எண்ணை நீக்கச் சொல்லவும் மறக்காதீர்கள், நாளை அது வேறொருவருக்குப் போகும்.